மண்டி போட்ட வண்டி

சுள்ளிப்பாளையத்தில் குழந்தைவேலுவின் வெள்ளைக் கார், கம்மங்கூழ் விற்கிற பாவாயியைக் கண்டால் மண்டி போடத் தொடங்கியது தை மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. குழந்தைவேலு போர்வெல் ரிக் வண்டிகளுக்கு முதலாளி. அன்று காலை மனைவி, மக்கள், மாமியார் என்று ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்கோயிலுக்குப் புறப்பட்டார். பைபாஸ் பிரிவில் வேப்பமரத்துக்கு நேராக வண்டி வந்தபோது பாவாயி கையில் சொம்போடு ரோட்டைக் கடந்தாள். வண்டி தானாக நின்றது, ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு மூச்சு விட்டது, பிறகு கோயில் யானை குனிகிற மாதிரி, அவசரமில்லாமல், முன்பக்கம் தார்ரோட்டைத் தொடுகிறவரை தாழ்ந்தது. அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் எழுந்துகொண்டது. மாமியார் மடியிலிருந்த அர்ச்சனைத் தேங்காய் உருண்டு முன்சீட்டுக்கு அடியில் போனதைத் தவிர வேறு சேதம் எதுவுமில்லை. பாவாயி அதைக் கவனிக்கக்கூட இல்லை, மரத்தடியில் ஒரு லாரிக்காரர் கூழுக்குக் காத்திருந்தார்.

ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பணக்கார வண்டிக்கு மூட்டுவலி வந்துவிட்டது என்று டீக்கடையில் இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். வண்டி மட்டும் விடவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடும்போது ஒருமுறை, திரும்பி வரும்போது ஒருமுறை, சந்தைக்குப் போகையில், கல்யாணத்துக்குப் போகையில், அந்த வேப்பமரத்தடியில் அந்த ஒரு பொம்பளை நிமிர்ந்து பார்த்தால் போதும், வண்டி முட்டி மடக்கிவிடும். குழந்தைவேலு ஊரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். அன்றைக்கென்று பாவாயி கம்பு வாங்கக் கடைவீதிக்கு வந்திருந்தாள், வண்டி கடைவீதி நடுவில் மண்டி போட்டது.

அப்புறம்தான் வண்டி செங்கோடனின் பட்டறைக்கு வந்தது. செங்கோடன் படுக்கை வசதிப் பஸ்களுக்குக் காற்றுப் பலூன் பார்த்துப் பார்த்துக் கை தேர்ந்தவன். மற்ற வண்டிகளுக்குச் சக்கரத்தின் மேல் இரும்புச் சுருள் இருக்கிற இடத்தில் இந்த வகை வண்டிக்கு ரப்பர் பலூன் இருக்கும்; கம்ப்ரஸர் காற்றை அடைக்கும், சக்கரத்துக்கு ஒரு சென்சார் உயரத்தைப் பார்த்துச் சொல்லும், வால்வு திறந்து மூடும். எங்காவது காற்று கசிந்தால் வண்டி அந்தப் பக்கமாக உட்கார்ந்துவிடும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சோப்புத்தண்ணீரை மிஞ்சிய கருவி உலகத்தில் இல்லை என்பது அவன் கட்சி. ஒரு வாளி நிறையச் சோப்புத்தண்ணீர் கலக்கி, பலூன்மேல், குழாய்மேல், மூட்டு மூட்டாக ஊற்றிவிட்டு, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அரைநாள் வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வை மாற்றினான். சென்சார்களை மாற்றினான். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், கோளாறு ஒன்றுமில்லை என்று பச்சையாக எழுதிக் காட்டியது.

கடைசியில் மெக்கானிக்குகள் செய்கிற கடைசி வேலையைச் செய்தான். ஃப்யூஸைப் பிடுங்கினான், கம்ப்ரஸரிலிருந்து வருகிற குழாய்களைக் கழற்றினான், நான்கு பலூன்களின் வாயிலும் போல்ட்டை வைத்து இறுக்கினான், இனி உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வேண்டுமென்றால் பலூன் வெடித்தால்தான் உண்டு. பால்காரம்மாவை வண்டிக்கு முன்னால் நடக்கச் சொன்னான், வண்டி அசையவில்லை. பள்ளிக்கூட ஆயா நடந்தாள், அசையவில்லை. பிறகு வேப்பமரத்தடிக்குப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு பாவாயியை அழைத்து வந்தான். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி பட்டறை வாசலில் காலை வைத்ததும் வண்டி தாழ்ந்து மண்ணில் மூக்கை வைத்தது. அவன் பாய்ந்து பலூன்களைத் தொட்டுப் பார்த்தான். கல் மாதிரி இருந்தன. காற்று ஒரு பொட்டும் குறையவில்லை, வண்டிதான் தாழ்ந்திருந்தது.

"என்னங்க தம்பி கோளாறு?" என்றாள் பாவாயி.

"சென்சாருங்க அக்கா."

"அப்படீன்னா?"

"சக்கரம் எத்தன ஒசரத்துல நிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கும். வண்டிக்குக் கண்ணு மாதிரிங்க."

பாவாயி குனிந்து கிடந்த வண்டியைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "கண்ணிருக்குதுங்களா இதுக்கு?" என்றாள். "அப்பன்னா மார்கழி பதினெட்டாந்தேதி வெடியால இது அந்தப் பக்கம் வந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி. ஏதாச்சும் பாத்திருக்கும்."

இந்தக் கேள்வியை அவள் கேட்காத ஆள் கிடையாது. மார்கழி பதினெட்டாம் தேதி, பனி மூட்டம் விலகாத விடியற்காலையில், நூல்மில்லில் ராத்திரி வேலை முடிந்து பைபாஸில் இறங்கி நடந்து வந்த அவள் மகள் கோகிலாவை, பத்தொன்பது வயதுப் பெண்ணை, ஏதோ ஒரு வண்டி அடித்துத் தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போனது. அடையாளம் தெரியாத வாகனம் என்று ஸ்டேஷனில் எழுதி மூடிவிட்டார்கள். மகள் மில்லுக்குச் சோறு கொண்டுபோன தூக்குப்போசியை மட்டும் பாவாயியிடம் கொடுத்தார்கள். அதற்கு மூடி இல்லை. மூடி எங்கே என்று கேட்டதற்கு, அதையெல்லாம் யாரம்மா தேடுவது என்றார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பாவாயி கூழ்வண்டியைத் தள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டாள். கூழ் குடிக்க வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும், சொம்பை நீட்டும்போதே, மார்கழி பதினெட்டாந்தேதி வெடியால இந்தப் பக்கம் வந்தியா சாமி, ஏதாச்சும் பாத்தியா என்று கேட்பாள். மூடியில்லாத அந்தப் போசியில்தான் கூழுக்குத் தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் வைத்திருந்தாள். மில்லில் வேலை கிடைத்த அன்று மகளுக்காக வாங்கியது, கடைக்காரனிடம் சொல்லிப் போசியிலும் மூடியிலும் புள்ளி புள்ளியாகப் 'பாவாயி' என்று பேர் வெட்டி வாங்கியது.

செங்கோடனிடமும் அவள் கேட்டிருந்தாள். தம்பி, அடிபட்ட வண்டி ஏதாச்சும் உங்க பட்டறைக்கு வந்துச்சுங்களா என்று. இல்லீங்க அக்கா என்று சொல்லிவிட்டு, போசிக்குள் விரலை விட்டு ஒரு மோர்மிளகாயை எடுத்துக் கடித்தான். அந்தக் காரம் அவன் தொண்டையில் இன்னும் இருந்தது.

ஏனென்றால் மார்கழி பத்தொன்பதாம் தேதி குழந்தைவேலுவின் வெள்ளைக் கார் அவன் பட்டறைக்கு வந்திருந்தது. இடது பக்க விளக்கு நொறுங்கி, பானெட் ஒடுங்கிக் கிடந்தது. "செங்கோடா, மாடு குறுக்க வந்து உளுந்துருச்சப்பா. வெரசாப் பாத்துக் குடு, ஊட்ல பொம்பளைங்க பாத்தாப் பயந்துக்குவாங்க" என்றார் குழந்தைவேலு. பட்டறை இருக்கிற இடம் அவருடையது. செங்கோடன் ஒடுக்கெடுத்தான், விளக்கு மாற்றினான், சக்கரத்துக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினான், அதற்குள்ளிருந்து டங்கென்று ஒரு எவர்சில்வர் மூடி விழுந்தது. புரட்டினான். பேர் வெட்டியிருந்தது. மாடு சோறு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகாது என்று தெரிந்துகொள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. அவன் அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம், கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பட்டறைக்காரனுக்கு எந்த உலோகத்தையும் எறிய மனசு வராது. துடைத்து, அலமாரியில் வைத்து, அதில் வாஷர்களைப் போட்டுவைத்தான்.

ஆகவே வண்டியின் கோளாறு என்ன என்று உலகத்தில் அவனுக்கு மட்டும் தெரியும், வண்டிக்கும் தெரியும். அதைத்தான் சென்சார் என்று சொன்னான்.

ஊர் சும்மா இருக்குமா? செங்கோடனே கையை விரித்துவிட்டான் என்றதும், மாரியம்மன் கோயில் பண்டாரம் வேப்பமரத்தடிக்கு வந்து பாவாயியைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இரும்பு கும்புடுதுன்னா அவ மனுசியில்லப்பா, ஆத்தா எறங்கியிருக்கா" என்றார். அவ்வளவுதான். எல்லாருக்கும் மனசு லேசாயிற்று. விளங்காத ஒன்று ஊர் நடுவே மண்டி போட்டுக்கொண்டு நிற்பதைவிட ஒரு சாமி இருப்பது எவ்வளவோ மேல், சாமிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். மாசி முடிவதற்குள் வேப்பமரத்தைச் சுற்றி சிமெண்ட் மேடை வந்தது, பங்குனியில் தகரக் கூரை வந்தது. பாவாயிக்கு மஞ்சள் சேலை கட்டி மேடையில் உட்கார வைத்தார்கள். அவள் மாட்டேன் என்றாள், சாமி முதலில் அப்படித்தான் சொல்லும் என்றார்கள். கூழ் வித்தாத்தான் எனக்குச் சோறு என்றாள். ஆத்தாளிடம் கூழ் விலைக்கு வாங்கினால் நாக்கு அழுகிவிடும் என்று பயந்து, அவளுக்குக் கூழ் காய்ச்சி எடுத்து வந்து படைத்தார்கள், படைத்ததைப் பிரசாதமென்று அவர்களே பகிர்ந்து குடித்தார்கள். அவள் குடிசைக்குப் போக எழுந்தால் ஆத்தாளுக்கு ஏது வீடு என்று காலில் விழுந்து மறித்தார்கள். குடிசையைக் கூட்டப் போன பெண்கள் சுவரில் மாட்டியிருந்த கோகிலாவின் போட்டோவைக் கழற்றித் தண்ணீரில் விட்டார்கள். ஆத்தாளுக்கு ஏது மக என்றார்கள். கூழ்ச்சட்டியைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். மூடியில்லாத போசியை மட்டும் அவள் மடியிலிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை. பண்டாரம் அதில் குங்குமத்தை நிரப்பிவிட்டார்.

அவள் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. காலில் விழுகிற ஒவ்வொருவரிடமும், மார்கழி பதினெட்டாந்தேதி வெடியால இந்தப் பக்கம் வந்தியா சாமி என்பாள். அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆத்தா வாக்கு என்றார்கள். புது வண்டி எடுப்பவர்கள் பதினெட்டில் முடிகிற எண்ணுக்கு அலைமோதினார்கள், பிள்ளைகளுக்குப் பதினெட்டாம் தேதி காது குத்தினார்கள், மார்கழி பதினெட்டு விடியற்காலையில் ஆத்தாளுக்குத் திருவிழா எடுப்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. செங்கோடனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். எல்லாரோடும் சேர்ந்து கையைத் தூக்கினான்.

குழந்தைவேலு இந்த மாதங்களில் பாதி ஆளாகியிருந்தார். முதலில் பயந்தார், வண்டியை விற்கப் பார்த்தார், ஆத்தாளைக் கும்பிட்ட முதல் வண்டியை விற்பதா என்று ஊர் விடவில்லை. வீட்டுப் பெண்கள் வேறு வண்டியில் ஏற மறுத்தார்கள். அந்த வண்டியிலேயே போய், ஊர் பார்க்க, அவள் முன்னால் தினமும் தாழ்ந்து தாழ்ந்து எழ வேண்டியிருந்தது. ஆடி மாதம் ஒருநாள் மத்தியானம் அவர் பட்டறைக்கு வந்து, டயரின்மேல் உட்கார்ந்தார்.

"செங்கோடா, என்ற வண்டி மட்டும் கும்புட்டாத்தானப்பா அது ஏன்னு ஒருத்தனுக்குச் சந்தேகம் வரும்?" என்றார். "ஊரு வண்டியெல்லாம் கும்புடட்டுமே."

"அது எப்படிங்க கும்புடும்?"

"நீ பலூன் போடு. காலுக்கடியில ஒரு சுச்சு வெய்யி. ஆத்தா முன்னால வந்தா அமுக்கட்டும். அல்லார்க்கும் என்ற காணிக்கையின்னு சொல்லிக்கலாம்." செங்கோடனின் அலமாரிப் பக்கம் பார்க்காமலே, "உனக்கும் அதாம்ப்பா நல்லது" என்றார்.

மூடி தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரியும் என்று அப்போதுதான் செங்கோடனுக்குத் தெரிந்தது. ஆளுக்கொரு கை பிடித்து ஒரே குழிக்குள் நின்றுகொண்டிருந்தார்கள்.

செங்கோடன் பலூன் போட்டான். பள்ளிக்கூட வேன், மினி பஸ், கறிக்கோழி வண்டி, குட்டியானை லாரி, பஞ்சாயத்து ஜீப், பண்டாரத்தின் மகன் ஓட்டுகிற ஆம்புலன்ஸ் உட்பட மொத்தம் நாற்பத்தொரு வண்டிகளுக்கு முன்பக்கச் சுருளைக் கழற்றிப் பலூன் மாட்டினான், காலடியில் சுவிட்சு வைத்தான், ஒவ்வொன்றுக்கும் சோப்புத்தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்தான். அவன் வாழ்க்கையில் அத்தனை சுத்தமாக வேலை செய்ததில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் வாஷர் வேண்டும், ஒவ்வொரு முறையும் அந்த மூடிக்குள் கை விட்டு எடுத்தான். வாஷர் குறையக் குறைய, அடியில் வெட்டியிருந்த பேர் தெரியத் தெரிய, கடைக்குப் போய் வாஷர் வாங்கி வந்து மறுபடி நிரப்பினான். இப்போது ஆத்தாள் மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தால் பைபாஸ் முழுக்க வண்டிகள் ஸ்ஸ்ஸென்று மூச்சு விட்டுத் தாழ்ந்தன. வெள்ளைக் காரும் அவற்றில் ஒன்றாகத் தாழ்ந்தது, அதை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. குழந்தைவேலுவுக்கு உடம்பு தேறியது.

பாவாயிக்குத்தான் உடம்பு கரைந்துகொண்டே போயிற்று. செங்கோடன் மேடைப் பக்கம் போவதைத் தவிர்த்தான். போக நேர்ந்த ஒருநாள், மாலைகளுக்கு நடுவில் அவள் முகம் மட்டும் சின்னதாகத் தெரிந்தது. அவனைக் கண்டதும் அவள் கேள்வியைக் கேட்கவில்லை, "பசிக்குது தம்பி" என்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் உடனே குலவையிட்டார்கள்.

மார்கழி பதினெட்டு வந்தது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்திரண்டு வண்டிகளையும் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பைபாஸின் இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். நடுவே ஆத்தாளை நடத்தி அழைத்துவந்தார்கள், முன்னால் பம்பை, பின்னால் தீச்சட்டி. அவள் ஒவ்வொரு வண்டியைத் தாண்டும்போதும் உள்ளே இருந்தவன் சுவிட்சை மிதித்தான், வண்டி தாழ்ந்தது, கூட்டம் கத்தியது. கோகிலா விழுந்த இடத்தையும் அவள் அப்படியே தாண்டிப் போனாள், அங்கே யாரோ கோலம் போட்டிருந்தார்கள். வெள்ளைக் காருக்கு முன்னால் மட்டும் நின்றாள். வண்டி தாழ்ந்தது. டிரைவர் சீட்டில் யாருமில்லை. குழந்தைவேலு குடும்பத்தோடு கீழே நின்று கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஊர்வலத்தை விட்டு விலகி, பனிக்குள் நேராகச் செங்கோடனின் பட்டறைக்கு நடந்தாள். ஊரே பம்பை அடித்துக்கொண்டு பின்னால் போனது.

செங்கோடன் விழாவுக்குப் போகவில்லை. அலமாரிக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் வாசலில் வந்து நின்றாள், சேலை நுனி மண்ணில் புரண்டது.

"மத்த வண்டிக்கெல்லாம் சுச்சு வெச்சீங்க. அதெனக்குத் தெரியுங்க தம்பி," என்றாள். "அந்த ஒரு வண்டிக்கு என்ன கோளாறு? வருசமாச்சு. வேல தெரிஞ்சவரு நீங்க. சொல்லுங்க."

இந்த முறை அவன் சென்சார் என்று சொல்லவில்லை. எழுந்து, அலமாரியிலிருந்து மூடியை எடுத்து, வாஷர்களைத் தரையில் கொட்டினான். அவை நாலாப் பக்கமும் உருண்டன. சட்டைத் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு நீட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கட்டைவிரலை எடுத்துப் புள்ளிகளின்மேல் மெதுவாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நடத்தினாள். ஒரு வருஷத்துப் பொய்யை அந்தக் கட்டைவிரல் தடவிப் பார்ப்பதை அவன் நின்று பார்த்தான்.

"சக்கரத்துக்கு மேல சிக்கியிருந்துதுங்க அக்கா. பத்தொம்பதாந்தேதி வண்டி வந்துச்சுங்க. நாந்தான் ஒடுக்கெடுத்தேன்."

பாவாயி திரும்பினாள். மூடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அந்த மெலிந்த உடம்பிலிருந்து எப்படி வந்ததோ தெரியாத குரலில், "என்ற புள்ளயக் கொன்னது குழந்தவேலு! அந்த வண்டிதான் கொன்னுபோட்டுது!" என்று கத்தினாள்.

பம்பை நின்றது. ஒரு நிமிஷம், செங்கோடன் சாகும்வரை மறக்காத ஒரு நிமிஷம், ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. குழந்தைவேலு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார். "ஆமா தாயி, நாந்தான், நாந்தான் கொன்னேன்" என்று மண்ணில் முகத்தைத் தேய்த்து அழுதார். அழுகை நிஜம். அதுதான் கொடுமை. அவர் பக்கத்தில் பண்டாரம் விழுந்தார், "நாந்தான் தாயி, பாவி நாந்தான்" என்றார். பஞ்சாயத்துத் தலைவர் விழுந்தார், வேன் டிரைவர்கள் விழுந்தார்கள், பெண்கள் தலைமுடியை விரித்துப்போட்டு நாந்தான் நாந்தான் என்று மாரில் அடித்துக்கொண்டார்கள், மூன்று வருஷமாக ஊரிலேயே இல்லாமல் திருவிழாவுக்கு வந்தவன்கூட நாந்தான் என்று உருண்டான். ஆத்தா ஊர்ப் பாவத்தைக் கேட்கிறாள், ஆளுக்கொரு பங்கு ஒப்புக்கொண்டால் தீரும் என்று யாரோ சொல்ல, அது பைபாஸ் முழுக்கப் பரவி, அத்தனை நாந்தான்களுக்கு அடியில் அந்த ஒரு நாந்தான் எங்கே போனதென்று தெரியாமல் போயிற்று. பாவாயியின் கையிலிருந்த மூடியைப் பண்டாரம் மஞ்சள் துணியில் வாங்கி, "ஆத்தா மூடி கேட்டா!" என்று தூக்கிக் காட்டினார். பம்பை மறுபடி முழங்கியது.

அன்று சாயங்காலமே செங்கோடன் ஸ்டேஷனுக்குப் போனான். தனக்குத் தெரிந்ததையெல்லாம், தான் செய்ததையெல்லாம், ஒன்றும் மறைக்காமல் ஒப்பித்தான். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார்.

"ஊரே நாந்தான்னு சொல்லுதுய்யா. நீ ஒருத்தன் புதுசா வந்து சொன்னா நான் என்ன பண்றது?" என்றார். "அந்த மூடியக் கொண்டாந்து குடு. பாக்கலாம்."

மறுநாள் அவன் மேடைக்குப் போனபோது மூடிகள் முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன, பண்டாரம் வாங்கிய மூடியும் அதற்குள்தான் எங்கோ கிடந்தது. ஆத்தா மூடி கேட்டாள் என்று வீட்டுக்கு வீடு காணிக்கை வந்துவிட்டது. ஒரு வாரத்தில் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தது. பாத்திரக்கடைக்காரன் நேர்ச்சை மூடி என்று தனியாகவே விற்றான், வாங்குகிறவர்கள் ஆத்தா பேரையே வெட்டச் சொன்னார்கள். எந்த மூடியைப் புரட்டினாலும் புள்ளி புள்ளியாகப் பாவாயி, பாவாயி, பாவாயி. கோயில் பெண்கள் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று அடுக்கினார்கள். செங்கோடன், தான் துடைத்தும் போகாத கிரீஸ் கறையைத் தேடினான். அது போய்விட்டிருந்தது. அவன் மேடையோரத்தில் உட்கார்ந்து, தொழிலை மறந்த மெக்கானிக் மாதிரி, கையைப் பிசைந்துகொண்டு இருந்தான்.

அப்போது பாவாயி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலாம் போலிருந்திருக்கும். மடியிலிருந்த போசியைக் கவிழ்த்துக் குங்குமத்தைக் கொட்டினாள், முந்தானையால் உள்ளும் புறமும் துடைத்தாள், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணா எடுங்க," என்றாள். "அந்த மூடி வெடுக்குன்னு உக்காரும். அவ தொறக்க முடியாம எங்கிட்டக் கொண்டாருவா. மத்தது எதுவும் அப்படி உக்காராது."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் போசியின் வாயில் வைத்து அழுத்தினாள். பெரிது. அடுத்ததைக் கொடுத்தான். சிறிது. அடுத்தது ஆடியது. மக்கள் சுற்றி நின்று, ஆத்தா காணிக்கையை ஏற்றுக்கொள்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொண்டுவந்த மூடிகளைக் குவியலின்மேல் போட்டுவிட்டுப் போனார்கள். தை போய் மாசி வந்தும் இதே வேலைதான். வெள்ளைக் கார் மேடைக்கு எதிரே மண்டி போட்டு நின்றது. ஊர் அதை அவள் கண்ணெதிரிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டதால் அதற்கு எழுந்திருக்க வழியில்லை, முன் டயர் இரண்டும் மண்ணில் புதைந்து புல் முளைக்கத் தொடங்கிவிட்டது. குழந்தைவேலுவின் குடும்பம் புது வண்டி எடுத்து அதில் கோயிலுக்குப் போய் வருகிறது. செங்கோடன் பட்டறையைப் பூட்டிவிட்டான். காலையில் வருவான், வெயில் சாய்கிறவரை எடுத்துக் கொடுப்பான். அவர்கள் இருவரும் பார்த்து ஒதுக்குகிற மூடிகளைவிட வந்து விழுகிற மூடிகள் அதிகம், அதை எண்ணிப் பார்க்கிற மனசு இருவருக்கும் இல்லை.

"இதில்லீங்க தம்பி," என்று பாவாயி ஒன்றை ஒதுக்கிவைத்தாள். "அடுத்ததக் குடுங்க."